உறையின் மேல் ஒரு கதிர் முத்திரை

கலஹாவைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் ரொட்டி தட்டாத வீடு அரிது. கோதுமை மாவும் தேங்காய்ப்பூவும் சேர்ந்த அந்த ரொட்டிதான் மலைக்குக் கொழுந்தெடுக்கச் செல்வோரின் பசியைத் தாங்குகின்றது. அத்தகைய வீடொன்றிலே, எமக்குத் தெரிந்த ஒரு சிறுமிக்கு அந்த ரொட்டியே பகையாயிற்று. ஓயாத வயிற்றுப்போக்கு, உப்பிய வயிறு, வளர்ச்சியற்ற உடல். பூச்சி மருந்து பலமுறை கொடுத்தும் பயனில்லை. ஈற்றில் கண்டியில் ஒரு வைத்திய நிபுணர் இரத்தத்தையும் குடலையும் பரிசோதிப்பித்து, இது ‘சீலியாக்’ நோய் என்றார்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதம், இந்நோயுடையோரின் சிறுகுடல் உட்சுவரைச் சிதைத்துவிடுகின்றது. ஒல்லாந்துக் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கே இதனைக் கோதுமையோடு தொடர்புபடுத்தி 1950ஆம் ஆண்டில் ஆய்வேடாக வெளியிட்டார். வாழ்நாள் முழுவதும் அப்புரதத்தை விலக்குவதே இன்றுவரை சிகிச்சை. (ஐயமுள்ளோர் பரிசோதனைக்கு முன்னரே கோதுமையை நிறுத்திவிடலாகாது, நிறுத்தினால் நோய் பரிசோதனையில் மறைந்துவிடும்.)

தாயார் ரொட்டியை நிறுத்தினார். சோறும் இடியப்பமும் கொடுத்தார். பிள்ளை தேறினாள், பின்னர் மீண்டும் படுத்தாள். ஒருநாள் அவர்களுடைய அடுக்களைத் தட்டிலிருந்த உறைகளை எடுத்து நான் வாசித்துப் பார்த்தேன். ‘குரக்கன்’ என்று பெரிதாக அச்சிட்ட மாவில் கோதுமை மாவும் கலந்திருந்தது. சத்துப்பானத்தில் பார்லி மால்ட். கூட்டுப் பெருங்காயத்தூளிலோ கோதுமை மா! எல்லாம் உறையின் பின்புறத்தில், எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில் இருந்தன. பல ஆண்டுகளாகப் பெருங்காயம் வாங்கும் நானும் அதுவரை அதனை வாசித்ததில்லை.

‘குளூட்டன் அற்றது’ என்ற சொல்லுக்கு ஓர் அளவுண்டு. ‘கோடெக்ஸ்’ எனப்படும் சர்வதேச உணவு நியமத்தின்படி, ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேற்படாமல் குளூட்டன் இருத்தல் வேண்டும். ஓர் அரிசிமணியின் எடை ஏறக்குறைய அவ்வளவே. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் வழங்குவது இவ்வளவே. குறுக்குக் கோடிட்ட கதிர் முத்திரை, இவ்வளவைப் பரிசோதித்து உரிமம் பெற்ற பண்டம் என்பதற்கு அடையாளம். ‘ஜி.எப்.சி.ஓ.’ என்னும் அமெரிக்க முத்திரைக்கு எல்லை இன்னும் குறைவு: 10 மில்லிகிராம்.

‘கோதுமை அற்றது’ என்பது வேறு. அதில் பார்லி இருக்கலாம். நம் நாட்டு எஸ்.எல்.எஸ். முத்திரை தரத்துக்கே சான்று. அது பாணுக்கோ பிஸ்கற்றுக்கோ இருந்தால், அதில் கோதுமை இல்லையென்று பொருளன்று.

முத்திரையுள்ள அந்நியப் பண்டங்களின் விலையோ தோட்டச் சம்பளத்துக்கு எட்டாதது. உடல் மெலிவதற்கென்று அவற்றை வாங்கும் பட்டணத்து நாகரிகம் எனக்கு விளங்கவில்லை. அரிசி, குரக்கன், உளுந்து, பயறு ஆகியவை இயல்பாகவே குளூட்டன் அற்றவை. ஆனால் சத்துமாவுக்காகக் கோதுமையும் அரைக்கும் மில்லில் அவற்றை அரைத்தால் முந்திய மா கலந்துவிடும். ஆகையால் அத்தாயார் இப்பொழுது அரிசியை வீட்டு உரலிலேயே இடிக்கின்றார்.

சிறுமிக்கு இப்பொழுது பன்னிரண்டு வயது. கலஹாக் கடைவீதியில் தாயார் பை பிடித்து நிற்க, அவள் ஒவ்வொரு பைக்கற்றையும் பின்புறம் திருப்பி வாசிக்கின்றாள். கடைக்காரர் முதலில் முகஞ் சுளித்தார். இப்பொழுது அவரே, “தங்கச்சி, இதைப் பார்த்துச் சொல்லு” என்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உறையை நீட்டுகின்றார்.