ஆடைக்கேற்ற உடல்: ஒப்பரா அரங்கும் செங்கம்பளமும்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மாதவியின் தகுதிகளைக் கூறவந்த இளங்கோவடிகள் ஆடல், பாடல், அழகு என்னும் மூன்றனையும் ஒருங்கு வைத்து எண்ணுகின்றார். அரங்கேறும் பெண்ணிடம் கலையோடு அழகும் எதிர்பார்க்கப்பட்டமை இன்று நேற்றுத் தோன்றியதன்று என்பதற்கு இதுவே சான்றாகும். ஆயினும், மூன்றனுள் ஒன்றாக நின்ற அழகு ஏனைய இரண்டையும் அளக்கும் கோலாக மாறும்போது கலைக்கும் கலைஞருக்கும் நேர்வது யாது என்பது ஆராயத்தக்கது. மேனாட்டு ஒப்பரா அரங்கையும் திரைப்பட விழாக்களின் செங்கம்பளத்தையும் கொண்டு அவ்வினாவை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒப்பரா என்பது கதையைப் பெரும்பாலும் பாட்டால் நடத்தும் மேனாட்டு நாடக வகை. அதிற் பாடுவோர் மரபாக ஒலிவாங்கியைப் பயன்படுத்துவதில்லை. பல வாத்தியங்கள் ஒருங்கே முழங்க, அவற்றையும் கடந்து மண்டபத்தின் கடைசி வரிசைவரை குரல் சென்று சேரவேண்டும். அத்தகைய குரல் பல்லாண்டுப் பயிற்சியால் வருவது. ஆதலின், உருவத்தினும் குரலே முதன்மை பெறவேண்டிய கலைகளுள் ஒப்பரா தலையாயது எனலாம். இங்கும் உருவமே தீர்ப்பளிக்குமாயின், ஏனைய அரங்குகளின் நிலையைக் கூறவேண்டியதில்லை.

இச்சிக்கல் ஒப்பராவிற்குப் புதிதன்று. இத்தாலிய இசையாசிரியர் வேர்டியின் ‘லா திராவியாற்றா’ 1853 மார்ச் 6 ஆந் திகதி வெனிஸ் நகரின் லா பெனிசே அரங்கில் முதன்முறையாக மேடையேறியது. காசநோயால் மெலிந்து மடியும் இளம்பெண்ணாக நடித்தவர் பானி சல்வினி-டொனற்றெல்லி. அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு; உடல் பருத்தது. முதலங்கத்தில் அவருடைய பாட்டுக்குக் கைதட்டிய அவையே பின்னர் அவருடைய உருவத்தைக் கண்டு நகைத்தது. அன்றைய தோல்விக்கு ஆண் பாடகர் இருவரது பாட்டிலிருந்த குறைகளும் காரணமாயிருந்தன. எனினும், அம்முதல் இரவைப் பற்றிப் பேசுவோர் பெரிதும் நினைவுகூர்வது அப்பெண்ணின் பருமனையே. அடுத்த ஆண்டில் வேர்டி சில பகுதிகளைத் திருத்தியமைக்க, வேறொரு பாடகியைக் கொண்டு அதே நகரில் நடத்தப்பட்டபோது நாடகம் பெருவெற்றி பெற்றது.

நூறாண்டுகளின் பின் மரியா கல்லாஸ் இதே அளவுகோலை எதிர்கொண்டார். 1953, 1954 ஆம் ஆண்டுகளில் அவர் ஏறத்தாழ 36 கிலோகிராம் எடை குறைந்தார். மெலிந்த கல்லாஸ் உலகெங்கும் நாகரிகத்தின் சின்னமாகப் போற்றப்பட்டார். ஆனால், பின்னாளில் அவருடைய குரல் தளர்ந்தபோது, அம்மெலிவே அதற்குக் காரணமென ஒரு சாராரும் அன்றென மற்றொரு சாராரும் வாதிட்டனர். 1965 இல் ஒப்பரா மேடையிலிருந்து அவர் விலகினார். 1977 இல் மறைந்தார். விவாதம் இன்னும் முடிந்தபாடில்லை. பருத்திருந்தபோது உருவத்திற்காகப் பழிக்கப்பட்டவரை, மெலிந்தபின் குரலை இழந்தாரென அதே உலகம் பழித்தது என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

2004 ஆம் ஆண்டு நிகழ்ச்சி இன்னும் வெளிப்படையானது. அமெரிக்கப் பாடகி டெபறா வொய்ற், றிச்சட் ஸ்ராவுஸ் இயற்றிய ‘அரியாட்னே’ ஒப்பராவிற் பெயர்பெற்றவர். அவ்வாண்டு இலண்டன் கொவன்ற் கார்டன் அரங்கில் அப்பாத்திரத்தை ஏற்பதற்கு அவர் ஒப்பந்தஞ் செய்யப்பட்டிருந்தார். இயக்குநர் அப்பாத்திரத்திற்கெனத் தெரிந்த கறுப்பு ஆடை அவருடைய உடலுக்குப் பொருந்தாதென்பதால் அவர் நீக்கப்பட்டு வேறொருவர் அமர்த்தப்பட்டார். குரலிற் குறையிருந்ததாக எவரும் கூறவில்லை. அவ்வாண்டிலேயே அவர் இரைப்பைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டு மெலிந்தார். 2008 இல் அதே அரங்கிற்கு அதே பாத்திரத்தில் மீண்டார். குரலைத் தாங்குவது மூச்சு. மூச்சைத் தாங்குவன உடற்றசைகள். ஆகவே உடல் விரைந்து மாறும்போது பாடுவோர் மூச்சைத் தாங்கும் முறையையே புதிதாகப் பயிலவேண்டியிருக்கும். ஓர் ஆடையை மாற்றித் தைப்பதினும் ஒரு கலைஞரின் உடலை அறுத்துத் திருத்துவது எளிதெனக் கருதப்பட்டமை சிந்தித்தற்குரியது.

நாடகம் கட்புலனுக்கும் உரிய கலை. பாத்திரத்திற்கும் நடிப்பவருக்கும் பொருத்தம் வேண்டும் என்பர் சிலர். இவ்வாதத்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது. ஆயினும் அது எல்லோர்க்கும் ஒப்ப வழங்கப்படவில்லை. பெருத்த உடலினரான லூசியானோ பவறொற்றி இளங்காதலர் பாத்திரங்களில் நெடுங்காலம் பாடினார். அவருடைய பருமன் நகைப்புக்குப் பொருளானதுண்டு, புகழுக்குத் தடையாகவில்லை. 2014 இல் இங்கிலாந்தின் கிளைண்ட்போர்ன் விழாவில் ஸ்ராவுஸின் ‘றோசன்கவலியர்’ மேடையேறியது. அதில் ஒக்ரேவியன் என்னும் பதினேழு வயது இளைஞனின் பாத்திரத்தை அயர்லாந்துப் பாடகி தாரா எரற் பாடினார். ஆண் பாத்திரத்தைப் பெண்ணே பாடுவதென்பது அந்நாடகத்தின் மரபு. பெண்ணொருத்தி ஆணாகத் தோன்றுவதை இயல்பாக ஏற்றுக்கொண்ட விமரிசகர்கள், அவருடைய உடற்பருமனை மட்டும் நம்பத்தகாததெனப் பிரபல பத்திரிகைகளில் எள்ளினர். பாடகி அலிஸ் கூற் ஒப்பராவிற்கு உயிர் குரலே என வற்புறுத்திப் பகிரங்கக் கடிதம் எழுதினார். பொருத்தம் பற்றிய வாதம் எவ்விடத்தில் எழுகின்றது, எவ்விடத்தில் அடங்கிவிடுகின்றது என்பதை இந்நிகழ்ச்சி நன்கு காட்டுகின்றது.

அண்மைக்காலத்தில் இவ்வளவுகோல் இறுகியதற்குத் தொழினுட்பமும் ஒரு காரணமாகும். நியூயோர்க்கின் மெற்றோபொலிற்றன் ஒப்பரா 2006 டிசெம்பர் 30 முதல் தன் நிகழ்ச்சிகளைப் பல நாடுகளின் திரையரங்குகளுக்கு நேரடியாக ஒளிபரப்பத் தொடங்கியது. மேல்மாடத்தில் அமர்ந்து தொலைவிலிருந்து கண்ட உருவம் கமராவின் வழியாகக் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. குரலுக்கோ இதன் மறுதலையே நேர்ந்தது. மண்டபத்தை நிறைக்கும் பெருங்குரலும் அதனை நிறைக்கமாட்டாத சிறுகுரலும் ஒலிபெருக்கியில் ஏறக்குறைய ஒன்றாகவே கேட்கும். இவ்வாறு உருவத்தின் குறை பெருக, குரலின் நிறை குறைந்தது.

ஒப்பராவில் பாத்திரப் பொருத்தம் என்ற காரணமாவது கூறப்பட்டது. செங்கம்பளத்தில் அதுவும் இல்லை. அங்கு நடப்பவர் எப்பாத்திரமும் ஏற்றவரல்லர். முடிந்த ஒரு பணிக்காக அழைக்கப்பட்டவரே. ஆயினும் அவர் அணியும் ஆடையைப் பெரும்பாலும் ஆடை நிறுவனங்கள் விளம்பரங் கருதி இரவலாக வழங்குகின்றன. அவை விளம்பர அழகியரின் மெல்லிய அளவுக்குத் தைக்கப்பட்ட மாதிரிகளாதலின், அவ்வளவிற்குள் அடங்காத உடலுக்கு ஆடை கிடைப்பதரிது. 2016 இல் அமெரிக்க நடிகை லெஸ்லி ஜோன்ஸ், தாம் நடித்த படத்தின் முதற்காட்சிக்குத் தமக்கு ஆடையளிக்க வடிவமைப்பாளர் எவரும் முன்வரவில்லையென வெளிப்படையாகக் கூறினார். அதன்பின்னரே கிறிஸ்ரியன் சிறியானோ என்பவர் முன்வந்தார். இலண்டன் அரங்கிலும் அமெரிக்கச் செங்கம்பளத்திலும் நிகழ்ந்தது ஒன்றே: ஆடை முன்னரே முடிவாகிவிட்டது, உடல் அதற்கேற்ப அமையவேண்டியிருந்தது.

இவ்வகையில் பிரான்சின் கான் திரைப்பட விழாவும் குறிப்பிடத்தக்கது. 2015 இல் குதியுயர்ந்த காலணி அணியாத பெண்கள் சிலர் அங்கு ஒரு காட்சிக்குச் செல்லாது தடுக்கப்பட்டனரெனச் செய்திகள் வெளியாயின. பாதத்தின் ஒரு பகுதியை இழந்த ஒரு தயாரிப்பாளரும் வாயிலில் நிறுத்தப்பட்டார். அத்தகைய விதி இல்லையென விழாத் தலைமை மறுத்தது. எழுதாத விதியும் வாயிற்காவலரால் நடைமுறையாகிவிடும் என்பதற்கு இது சான்று. மறு ஆண்டு ஜூலியா றொபேட்ஸ் வெறுங்காலுடன் அக்கம்பளத்தில் நடந்தார். 2018 இல் நடுவர் குழுவிலிருந்த கிறிஸ்ரின் ஸ்ருவேட் காலணிகளைக் கழற்றிக் கையிற் கொண்டார். 2025 ஆம் ஆண்டு விதிகள் குதியில்லாக் காலணியை அனுமதித்தன. எனினும் உடலைக் காட்டும் ஆடைக்கும் அகன்று விரியும் ஆடைக்கும் தடை விதித்தன. அதே விழாவின் உயர்விருதான தங்க ஓலையைப் பெற்ற பெண் இயக்குநர்கள் 1993 இல் ஜேன் கம்பியன், 2021 இல் ஜூலியா டுகுர்னோ, 2023 இல் ஜஸ்ரின் திரியே என, 2025 ஆம் ஆண்டுவரை மூவரே. பெண்ணின் காலணியை அளந்த கண் அவளுடைய படைப்பை நோக்கிய அளவு இதிலிருந்து புலப்படும்.

தமிழிலக்கிய மரபிற் பெண்ணைக் கூந்தல் தொடங்கிப் பாதம் ஈறாக வருணிக்கும் கேசாதிபாதம் என்ற முறையுண்டு. செங்கம்பளத்தில் நிற்கும் பெண்ணைக் கமரா நோக்குவதும் அம்முறைக்கு அயலன்று. அவ்வருணனையிற் பெண் பேசுவதில்லை, பேசப்படுகின்றாள். அரங்கும் விழாவும் அவள் பேசுவதற்கென, பாடுவதற்கென, படைப்பதற்கென அமைந்தவை. அங்கும் அவள் பேசப்படும் பொருளாக மட்டும் நிற்பாளாயின் அவ்வரங்கின் பயன் கெடுகின்றது.

இதுகாறும் கூறியவற்றால் அரங்கில் அழகு வேண்டாம் என்பது பெறப்படாது. ஆடலும் பாடலும் முதலில் எண்ணப்படவேண்டும் என்பதும், அளவு பெண்ணுக்கொன்று ஆணுக்கொன்றாக அமைதல் ஆகாதென்பதும், உடலுக்கேற்ப ஆடை தைக்கப்படவேண்டும் என்பதுமே பெறப்படும். அரங்கை நிருவகிப்போரும் திறனாய்வு எழுதுவோரும் மட்டுமன்றி அவையில் அமரும் நாமும் இதற்குப் பொறுப்புடையோம். 1853 இல் வெனிஸ் நகரில் நகைத்தோர் இயக்குநரோ விமரிசகரோ அல்லர். பணங்கொடுத்துப் பாட்டுக் கேட்க வந்த அவையினரே.