குண்டான டீச்சரும் சாப்பாட்டுப் பாடமும்



நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பில் எழுத்து, கதை, பாட்டு இவற்றோடு மாதம் ஒரு முறை உணவைப் பற்றியும் நான் பேசி வருவது சாகண் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். என் எடை 84 கிலோ. உயரம் ஐந்தடி இரண்டங்குலம். இந்த உடம்பை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு நல்ல உணவைப் பற்றிச் சொல்லலாமா என்று பெரியவர்கள் சிலர் நினைப்பது எனக்குத் தெரியும். பிள்ளைகள் நேராகவே கேட்டுவிடுகிறார்கள். "மிஸ், கீரை சாப்பிட்டா ஒல்லியா ஆகலாம்னா நீங்க ஏன் குண்டா இருக்கீங்க?" என்றான் ஏழு வயதுப் பையன் ஒருவன். கீரை தின்றால் ஒல்லியாகலாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அவன் வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஒல்லி என்றால் ஆரோக்கியம் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதை அசைத்துப் பார்த்தவர்கள் நம் புனேக்காரர்கள் என்பது பலருக்குத் தெரியாது. கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் 1993-ல் புனே அருகே ஆறு கிராமங்களில் தாய்மார்களையும் அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளையும் ஆராயத் தொடங்கினார்கள். அந்தக் குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை சுமார் 2.7 கிலோ. ஒப்பிடப்பட்ட இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரக் குழந்தைகளோ 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசை நன்றாகக் குறைந்திருந்தது. முதுகுத் தோலின் அடியிலுள்ள கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. பிற்காலத்தில் சர்க்கரை நோய் வருவதற்கு இந்த உடல்வாகும் ஒரு காரணம் என்கிறார்கள்.

2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் யாஜ்னிக்கும் அவருடைய லண்டன் நண்பர் டாக்டர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம் ஒன்று வெளியாயிற்று. இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே, 22.3. (எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் கிடைப்பதே பி.எம்.ஐ.) ஆனால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், நம்மவர் உடம்பில் 21.2 சதவீதம். ஆகவேதான் நம் நாட்டவர்க்கு 25-க்குப் பதில் 23-லேயே எச்சரிக்கை தொடங்குகிறது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது என்கிறார்கள். என் பி.எம்.ஐ. ஏறக்குறைய 34. எனவே என் டாக்டர் சொல்வதை நான் கேட்கத்தான் வேண்டும். ஆனால் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு பிஸ்கட் பாக்கெட்டோடு ஓடும் ஒல்லிப் பையனை "நல்லா ஸ்லிம்மா இருக்கான்" என்று மெச்சுகிறோமே, அவனை யார் கவனிப்பது?

இனி என் பக்கத்து நியாயம். இரண்டாவது பிரசவத்துக்குப் பின் மூன்று முறை பத்துக் கிலோவுக்கு மேல் குறைத்திருக்கிறேன். மூன்று முறையும் திரும்ப வந்தது. மன உறுதி போதவில்லை என்று சொல்பவர்கள் ஓர் ஆராய்ச்சியைத் தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவில் எடை குறைக்கும் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலோர் இழந்த எடையில் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அவர்களுடைய உடல், சும்மா இருக்கும்போது செலவழிக்க வேண்டியதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே செலவழித்தது. உடம்பு தன் பழைய எடைக்காகப் போராடுகிறது. இது தெரிந்த நான், "இதைத் தின்னு, ஒல்லியாவாய்" என்று பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வேன்?

ஆகவே என் வகுப்பில் எடை என்ற பேச்சே கிடையாது. வீட்டிலும் எடை பார்க்கும் மெஷின் பரண்மேல்தான். "இன்னிக்கு நிறைய தின்னுட்டேன், ராத்திரி பட்டினி" என்று என் பெண் காதுபட நான் சொல்வதில்லை. காரணம் இருக்கிறது. வகுப்பிலுள்ள பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தியிடம், ஒரு விழாவில் மாமி ஒருவர் பாசத்தோடுதான், "என்னடி, பூசணிக்காய் மாதிரி ஆயிட்டே!" என்றார். அன்றிலிருந்து பல வாரங்கள் அவள் டப்பா திறக்கப்படாமலே வீடு திரும்பியது. அவள் அம்மா சொல்லி அழுதார்.

வேறு என்னதான் செய்வது? எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணரின் முறை எனக்குப் பிடித்தது. எதை, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு. எவ்வளவு, சாப்பிடுவதா வேண்டாமா என்பது பிள்ளையின் பொறுப்பு. "தட்டைக் காலி பண்ணு" என்றே வளர்ந்த நமக்கு இது கஷ்டம்தான். தடை போட்டாலும் பலனில்லை. பாலர் பள்ளியில் ஒரு தின்பண்டத்தைக் கண்ணில் படும்படி ஜாடியில் வைத்து, கொஞ்ச நேரம்தான் எடுக்கலாம் என்றபோது, பிள்ளைகள் அதையே நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்று 1999-ல் ஃபிஷர், பிர்ச் என்ற இரு பெண் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். அதனால் எங்கள் வீட்டில் வடாபாவுக்குத் தடை இல்லை; மாதம் இரண்டு தடவை நானே வாங்கித் தருகிறேன்.

புதிய உணவைப் பிள்ளை ஒதுக்கினால் பத்துத் தடவையாவது, வற்புறுத்தாமல், தட்டோரத்தில் வையுங்கள். சோள தோசையைத் தொடாத என் மகன், பக்கத்து வீட்டு மராட்டிக்கார ஆஜி தட்டிப்போடும் ஜோவார் பாக்ரியை இரண்டு தின்கிறான். இரண்டும் ஒரே தானியம் என்று இன்னும் நான் சொல்லவில்லை! கம்பெனியில் செகண்ட் ஷிஃப்ட் பார்க்கும் அப்பாக்கள் நள்ளிரவில்தான் வருகிறார்கள். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட அவர்களுக்குக் காலைச் சிற்றுண்டி வேளைதான் வாய்க்கும்.

2025 மே மாதம் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளில் 'சர்க்கரைப் பலகை' வைக்கச் சொன்னது. நாங்களும் வகுப்பில் லேபிளைப் படித்து அளந்து பார்த்தோம். 250 மில்லி கோலாவில் ஐந்து டீஸ்பூனுக்கு மேல் சர்க்கரை! அந்தக் குவியலைப் பார்த்துப் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். யாரையும் குண்டு என்று சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

பொங்கல் விழாவுக்குக் குளிர்பானத்துக்குப் பதிலாக மோர் வைக்கலாமே என்று கமிட்டியிடம் கேட்டிருக்கிறேன். பானகம் வைக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். வெல்லமும் சர்க்கரைதான் என்பதால், அதற்கு என் ஓட்டு இல்லை.