மேற்குலகில் வேரூன்றிய சேவை



2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுக் கரைகளைச் சூறையாடியது. அதன்பின் இலங்கைக்கு உதவ வந்தவற்றுள், 1984இல் பர்மிங்ஹாமில் தோன்றிய இஸ்லாமிக் ரிலீப், 1985இல் இலண்டனில் தோன்றிய முஸ்லிம் எய்ட் ஆகிய அமைப்புகளும் அடங்கும். மேற்குலகில் சிறுபான்மையாய் வாழ்வோர் பிறருக்குக் கைகொடுக்கும் நிலையை எவ்வாறு எய்தினர்?

அவர்களது வரலாற்றில் லிவர்பூல் நகருக்குத் தனியிடம் உண்டு. மொரோக்கோ சென்று இஸ்லாத்தை அறிந்த வில்லியம் ஹென்றி குவில்லியம் என்னும் சட்டத்தரணி, 1887இல் அதனைத் தழுவி அப்துல்லாஹ் எனப் பெயர் சூடினார். 1889இல் பள்ளிவாசலுடன் கூடிய நிறுவனமொன்றை அங்கு நிறுவினார். எதிர்த்தோர் கல்லெறிந்தனர். அவரோ நத்தார் தினத்தில் அந்நகரின் ஏழைச் சிறாருக்கு உணவளித்தார். ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம் திறந்தார். 1893இல் ‘த கிரெசண்ட்’ வார இதழைத் தொடங்கினார்.

2021 குடிசன மதிப்பீட்டின்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 39 இலட்சம் முஸ்லிம்கள் வாழ்ந்தனர். 2020இல் பிரித்தானியாவில் கொரோனாவுக்கு முதலில் பலியான நான்கு வைத்தியர்களும் முஸ்லிம்களே. அவர்கள் நோயாளியின் மதத்தை வினவிச் சிகிச்சை அளித்தவர்கள் அல்லர்.

நேயர்களே! 2019 ஏப்ரலுக்குப் பின்னர் சந்தேகப் பார்வை எத்துணை கனமானது என்பதை இக்கரையோர மக்களாகிய நாமும் உணர்ந்தோம். சொற்போர் அதனை அகற்றாது. தமிழ், சிங்கள அயலவரின் இன்பதுன்பங்களில் பங்கேற்பதே அதனைக் கரைக்கும். அயலவர் உரிமையை நம் மார்க்கம் வலியுறுத்துவதும் இதன்பொருட்டே.

அப்பண்பை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.