கண்ணாடியில் ஒளிரும் எச்சரிக்கை: கண் பார்த்தால் போதுமா?

வாகனம் ஓட்டுபவரின் கண் எங்கே இருக்க வேண்டும் என்று கேட்டால், வீதியில் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். ஆனால் சாரதி பார்க்க வேண்டியவை வேறும் பல உள்ளன. வேகமானி, எரிபொருள் அளவு, வழிகாட்டும் வரைபடம் என்று ஒவ்வொன்றுக்கும் அவர் தலையைக் குனிய வேண்டியிருக்கிறது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வாகனம் ஒரு செக்கனில் ஏறக்குறைய 17 மீற்றர் போய்விடும். இரண்டு செக்கன் குனிந்தால் 33 மீற்றர். மூன்று பஸ் வண்டிகளை வரிசையாக நிறுத்திய தூரத்தை அவர் வீதியைப் பாராமலே கடந்துவிடுகிறார்.

ஐக்கிய அமெரிக்காவில் 100 கார்களில் கமெராக்களைப் பொருத்திச் சாரதிகளை நீண்ட காலம் கவனித்த ஓர் ஆய்வு 2006 இல் வெளிவந்தது. கண் இரண்டு செக்கனுக்கு மேல் வீதியை விட்டு விலகினால் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று அது கூறியது.

தலை குனியாமல் பார்க்க

இந்தக் குறையைத் தீர்க்க வந்த கருவிதான் ‘ஹெட் அப் டிஸ்பிளே’. தலையை நிமிர்த்தியபடியே பார்க்கக்கூடிய காட்சி என்பது இதன் பொருள். 1950களில் பிரித்தானியாவில் போர் விமானிகளுக்காக வளர்க்கப்பட்ட இது, 1988 இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ், யப்பானின் நிசான் ஆகிய நிறுவனங்களின் கார்களுக்கு வந்தது.

சாரதிக்கு முன்னால் உள்ள பலகையினுள் இருந்து ஒரு சிறு ஒளிக்கருவி மேல்நோக்கி ஒளியை வீசும். அது முன்கண்ணாடியில் பட்டுத் தெறித்துச் சாரதியின் கண்ணுக்கு வரும். வேகமும் வழியும், காருக்குச் சற்று முன்னால் காற்றில் மிதக்கும் எழுத்துக்களைப்போலத் தோன்றும். வேகம் கூடினாலோ, வண்டி தன் நிரையை விட்டு விலகினாலோ, முன்னால் போகும் வாகனத்தை மிக நெருங்கினாலோ அதே இடத்தில் எச்சரிக்கையும் ஒளிரும்.

இத்தகைய எச்சரிக்கைகளால் நன்மை இல்லாமல் இல்லை. முன்னால் உள்ள வாகனத்தில் மோதப்போவதை ஒளியாலோ ஒலியாலோ உணர்த்தும் கருவி உள்ள கார்களில், முன்வாகனத்தின் பின்புறம் மோதும் விபத்துக்கள் 27 வீதம் குறைந்திருந்தன என்று அமெரிக்கக் காப்புறுதித் துறையினரின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவகம் கண்டது. எச்சரிக்கையோடு கார் தானாகவே பிறேக் பிடிக்கும் வசதியும் இருந்தபோது அது 50 வீதமாக உயர்ந்தது.

கண் பார்க்கும், மனம் காணாது

ஆனால் கண்ணை வீதியின் பக்கம் திருப்பிவிட்டால் மனமும் அங்கே வந்துவிடுமா? அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 1980 இல் வெளியிட்ட ஆய்வொன்று இதற்குப் பதில் தருகிறது. அனுபவமிக்க விமானிகள், உண்மையான விமானத்தைப்போல இயங்கும் பயிற்சிக் கூண்டில் விமானத்தைத் தரையிறக்கினார்கள். அவர்கள் பார்த்த கண்ணாடியில் வேகமும் உயரமும் ஒளிர்ந்தன. ஒரு கட்டத்தில் ஓடுபாதையின் குறுக்கே இன்னொரு விமானம் காட்டப்பட்டது. சில விமானிகள் அதைக் காணாமலே தரையிறங்கப் போனார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த திசையிலேயே அந்த விமானம் நின்றது. ஆனால் மனம் கண்ணாடியில் ஒளிர்ந்த இலக்கங்களோடு இருந்தது.

1999 இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் நடந்த பரிசோதனையும் இதையே காட்டியது. ஒரு வீடியோவில் பந்து எத்தனை தடவை கைமாறுகிறது என்று எண்ணும்படி சிலரிடம் சொன்னார்கள். விளையாடுபவர்களின் நடுவே கொரில்லாக் குரங்கு வேடமிட்ட ஒருவர் நடந்து போனார். பார்த்தவர்களில் ஏறக்குறைய அரைவாசிப் பேர் அவரைக் காணவேயில்லை.

முன்னால் போகும் லொறியைப் பற்றிய எச்சரிக்கை கண்ணாடியில் மின்னும் வேளையில், வீதியோரத்தில் பிள்ளையின் கையைப் பிடித்தபடி நிற்கும் தாய் அந்தச் சாரதியின் மனதில் படாமல் போகலாம். அவளுக்காக அந்தக் கண்ணாடியில் எதுவும் ஒளிராமலும் இருக்கலாம்.

பாதுகாப்பு என்ற நினைப்பு

இன்னொரு சிக்கலும் உண்டு. கருவி காப்பாற்றும் என்ற எண்ணம் வந்தால் மனிதர் துணிந்துவிடுகிறார்கள். 1980களில் ஜேர்மனியின் மியூனிச் நகரத்து டாக்சிகளில் ஒரு பகுதிக்கு, சில்லுகள் இறுகிப்போகாமல் தடுக்கும் புதிய பிறேக் பொருத்தப்பட்டது. அந்த டாக்சிகளுக்கு விபத்துக்கள் குறையவில்லை. அவற்றை ஓட்டியவர்கள் முன்னரைவிடச் சடுதியாகத் திருப்பினார்கள், சடுதியாகப் பிறேக் பிடித்தார்கள். கிடைத்த பாதுகாப்பை அவர்கள் வேகமாகச் செலவழித்துவிட்டார்கள்.

எச்சரிக்கை கூடிவிட்டாலும் பயனில்லை. ‘புலி வருது’ என்று சும்மா கத்திய பையனின் கதை எமக்குத் தெரியும். முன்னர் சொன்ன அதே நிறுவகம் ஒரு யப்பானிய நிறுவனத்தின் கார்களைப் பார்த்தபோது, நிரை விலகினால் அடிக்கடி ஒலிக்கும் எச்சரிக்கையைப் பெரும்பாலானோர் நிறுத்தி வைத்திருந்தார்கள். மோதலைப் பற்றி அரிதாக வரும் எச்சரிக்கையை ஏறத்தாழ எல்லோரும் இயங்க விட்டிருந்தார்கள்.

மிதிவெடி இருந்த காணிகளின் ஓரத்தில் நட்டிருந்த சிவப்புப் பலகைகளை எம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். ஒரு மண்டையோடு, ஓரிரு சொற்கள், அவ்வளவுதான். பார்த்ததும் கால் நின்றுவிடும். அந்தப் பலகையைச் சுற்றி வேறு பத்து விளம்பரங்கள் இருந்திருந்தால் எத்தனை கால்கள் நின்றிருக்கும்? கண்ணாடியில் ஒளிரும் எச்சரிக்கைக்கும் இதுவே பொருந்தும். அது அரிதாக வர வேண்டும், உண்மையாக இருக்க வேண்டும், பார்த்தவுடன் விளங்க வேண்டும்.

இது எமக்கு எதற்கு?

இப்படிப்பட்ட கார் எம்மிடம் இல்லையே என்று நீங்கள் நினைக்கலாம். உலகில் ஆண்டுதோறும் சுமார் 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதி விபத்துக்களில் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 இல் தெரிவித்தது. அவர்களில் அரைவாசிக்கு மேற்பட்டோர் நடந்து போனவர்களும், சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் போனவர்களும்தான். கண்ணாடிக்கு உள்ளே எச்சரிக்கை மின்னுகிறது. உயிர் போவதோ பெரும்பாலும் கண்ணாடிக்கு வெளியே. வீட்டின் ஒரே உழைப்பாளி தாயாக இருக்கும் குடும்பத்தில், ஒரு காலின் முறிவே அடுப்பை அணைத்துவிடும்.

ஆகவே சில விடயங்களை மனதில் வைப்போம். சாரதி எம் பக்கம் பார்த்தார் என்பதற்காக வீதியில் இறங்க வேண்டாம். வாகனம் வேகத்தைக் குறைத்து நிற்கும் வரை பொறுப்போம், மஞ்சள் கடவையில் கூட. நடைபாதை இல்லாத வீதியில், எதிரே வரும் வாகனங்கள் தெரியும்படி வலது பக்கமாக நடப்போம். இருட்டில் வெளிர்நிற உடுப்பு அணிவோம், அல்லது கையில் ஒரு ரோச் லைற் வைத்திருப்போம். நின்ற பஸ்ஸின் முன்னால் குறுக்கே போக வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம்.

முச்சக்கரவண்டி ஓட்டி உழைக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. கைபிடியின் அருகே பொருத்திய கையடக்கத் தொலைபேசியும் இதே வேலையைத்தான் செய்கிறது. வழியைப் புறப்படும் முன்னரே பார்த்து வையுங்கள். அழைப்பு வந்தால் ஓரமாக நிறுத்திப் பேசுங்கள். திரையில் வரும் செய்தி காத்திருக்கும். வீதியில் இறங்கும் பிள்ளைக்குக் காத்திருக்கத் தெரியாது.