அத்திவாரக் கல்லுக்கு முன் சந்தியைப் பார்ப்போம்

கிராமமொன்றுக்குப் புதிதாக நெல் ஆலையோ, சந்தைக் கட்டடமோ, ஆடைத் தொழிற்சாலையோ வரப்போகிறது என்றால் நாம் வழமையாகக் கேட்கும் கேள்விகள் சில உண்டு. எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும்? காணி யாருடையது? கழிவுநீர் எங்கே போகும்? இவை கேட்கப்பட வேண்டியவையே. ஆனால் இன்னுமொரு கேள்வி பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. அங்கே வந்துபோகும் வாகனங்கள் எந்த வீதியால் வரும், எந்தச் சந்தியில் திரும்பும், அந்த நேரத்தில் அச்சந்தியில் யார் நடந்துகொண்டிருப்பார்கள் என்பதே அக்கேள்வி.

அபிவிருத்தியின் ஏனைய பலன்கள் ஆறுதலாக வரலாம். லொறியோ கட்டட வேலை தொடங்கும் நாளிலேயே வந்துவிடும். இலங்கையில் ஆண்டுதோறும் 2,000 க்கும் மேற்பட்டோர் வீதி விபத்துகளில் உயிரிழக்கின்றனர். அவர்களில் பெரும் பகுதியினர் நடந்து செல்வோரும், மோட்டார் சைக்கிளிலும் துவிச்சக்கர வண்டியிலும் செல்வோருமே. ஆகவே ஒரு திட்டம் வீதிக்கு என்ன செய்யும் என்று முன்கூட்டியே கணிப்பது பொறியியலாளருக்கு மட்டும் உரிய விடயமல்ல. ஊராரும் இதில் பங்கெடுக்கலாம்; பங்கெடுக்கவும் வேண்டும்.

போக்குவரத்துத் தாக்க மதிப்பீடு என்றால் என்ன?

பெயர் பெரிதாயினும் இதன் உள்ளடக்கம் நான்கு கேள்விகளே.

1. இன்று இந்த வீதியிலும் சந்தியிலும் எவ்வளவு போக்குவரத்து உள்ளது?
2. புதிய திட்டம் இன்னும் எவ்வளவைக் கொண்டுவரும்? எந்தத் திசையிலிருந்து, எந்த நேரத்தில்?
3. இரண்டையும் கூட்டினால் சந்தி அதைத் தாங்குமா?
4. தாங்காது எனில் என்ன மாற்றம் வேண்டும்? அதற்கான செலவு யாருடையது?

கொழும்பு போன்ற நகரங்களில் பெரிய கட்டடங்களுக்கு அனுமதி கோரும்போது இத்தகைய அறிக்கை கேட்கப்படுவது வழமையாகிவிட்டது. கிராமப் புறங்களில் அப்படியல்ல. ஆனால் சிறிய வீதிக்கே பெரிய வாகனம் அதிக பாரம்.

இன்றுள்ள நிலையை எண்ணுதல்

இதற்கு வேண்டியவை தாளும் பென்சிலும் கைக்கடிகாரமும் நாலைந்து இளைஞர்களுமே. மூன்று வீதிகள் கூடும் சந்தியில் வாகனங்கள் 6 விதமாகச் செல்லலாம். நான்கு வீதிகள் கூடும் சந்தியில் 12 விதமாகச் செல்லலாம். ஒவ்வொரு வீதிக்கும் ஒருவர் பொறுப்பாக நின்று, இடப்புறம் திரும்புவன, நேரே போவன, வலப்புறம் திரும்புவன என்று பிரித்து எழுத வேண்டும். நான்கு கோடுகள் இட்டு ஐந்தாவதைக் குறுக்கே கீறும் பழைய முறை இதற்குப் போதும். 15 நிமிடத்துக்கு ஒரு தடவை புதிய கட்டத்துக்கு மாறினால், எந்தக் கால் மணித்தியாலத்தில் நெருக்கடி கூடியது என்பது பின்னர் தெளிவாகத் தெரியும்.

பஸ், லொறி, வான், கார், முச்சக்கர வண்டி, உழவு இயந்திரம், மோட்டார் சைக்கிள், துவிச்சக்கர வண்டி ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதவேண்டும். ஒரு பெரிய லொறி வீதியில் அடைக்கும் இடம் இரண்டு கார்களுக்கு மேற்பட்டது. மோட்டார் சைக்கிளோ காரின் பாதி இடத்தையும் எடுப்பதில்லை. எனவே மொத்த எண்ணிக்கை மட்டும் உண்மையைச் சொல்லாது. நடந்து செல்வோரையும், குறிப்பாக வீதியைக் குறுக்கே கடப்போரையும், எண்ண மறக்கக்கூடாது. வாகனங்களை மட்டும் எண்ணும் கணக்கில் பாடசாலைப் பிள்ளைகள் இல்லாதவர்களாகிவிடுவர்.

போயா தினத்திலோ பாடசாலை விடுமுறையிலோ எண்ணினால் பயனில்லை. சாதாரண வேலை நாளொன்றில் காலை 7 மணி முதல் 9 மணி வரையும், பாடசாலை விடும் 1.30 மணியை ஒட்டியும், மாலை 4 மணி முதல் 6 மணி வரையும் எண்ணுவது நல்லது. சந்தை கூடும் ஊராயின் சந்தை நாளிலும் ஒரு தடவை எண்ண வேண்டும்.

வரப்போவதைக் கணித்தல்

அமெரிக்காவில் போக்குவரத்துப் பொறியியலாளர்களின் நிறுவகம் ஒன்று 1976 இல் முதன்முதலாக ஒரு கைநூலை வெளியிட்டது. இத்தனை சதுர அடி கடைக்கு இத்தனை வாகனங்கள் என்று சொல்லும் அந்நூல் பின்னர் பல பதிப்புகளைக் கண்டது. ஆனால் காரில் கடைக்குப் போகும் நாட்டின் அளவுகள், உழவு இயந்திரத்தில் நெல் ஏற்றி வரும் ஊருக்குப் பொருந்தமாட்டா. நமக்கு நாமே கணக்குப் பார்ப்பதே சரியானது.

உதாரணத்துக்கு ஒரு நெல் ஆலையைக் கற்பனை செய்வோம். பெரும்போக அறுவடைக் காலத்தில் அது நாளொன்றுக்கு 60 தொன் நெல்லை வாங்குகிறது. அதில் பாதி, தடவைக்கு 1 தொன் ஏற்றும் சிறிய இரு சில்லு உழவு இயந்திரங்களில் வந்தால் 30 வண்டிகள். மறுபாதி 5 தொன் லொறிகளில் வந்தால் 6 லொறிகள். வெளியே போகும் அரிசி ஏறக்குறைய 39 தொன். அதற்கு 10 தொன் லொறிகள் 4. உமிக்கும் தவிட்டுக்கும் இன்னும் 4 லொறிகள். ஆக 44 வாகனங்கள். ஒவ்வொன்றும் வரவும் வேண்டும், திரும்பிப் போகவும் வேண்டும். ஆகவே சந்தி காணும் எண்ணிக்கை 88.

இத்துடன் 40 தொழிலாளர்கள் காலையில் வந்து மாலையில் போவதைச் சேர்த்தால் 168 ஆகும். ஒரு நாள் முழுவதற்கும் இது பெரிய தொகையாகத் தோன்றாது. ஆனால் சந்தி நாள்கணக்கில் நெருங்குவதில்லை, மணிக்கணக்கிலேயே நெருங்கும். அந்த 88 இல் கால்பங்கான 22 உம், வேலை விட்டு வெளியேறும் 40 பேரும் மாலை 5 க்கும் 6 க்கும் இடையில் வந்தால் அந்த ஒரு மணித்தியாலத்தில் 62. அதாவது நிமிடத்துக்கு ஒன்று. மாலை வகுப்பு முடிந்து பிள்ளைகள் சைக்கிளில் திரும்பும் வேளையும் அதுவே.

சந்தி தாங்குமா?

பக்க வீதியிலிருந்து பிரதான வீதிக்கு ஏறும் சாரதி, இரு வாகனங்களுக்கு இடையிலான வெளிக்காகவே காத்து நிற்கிறார். ஒரு காருக்கு ஏறக்குறைய 6 முதல் 7 விநாடி வெளி வேண்டும். நெல் மூட்டை ஏற்றிய இழுவைப் பெட்டியுடன் மெதுவாக ஏறும் உழவு இயந்திரத்துக்கு இதைவிடக் கூடுதலாக வேண்டும். பிரதான வீதியில் மணித்தியாலத்துக்கு 300 வாகனங்கள் ஓடினால் சராசரி இடைவெளி 12 விநாடி. அது 600 ஆகும்போது 6 விநாடி. வாகனங்கள் சம இடைவெளியில் வருவதில்லை என்பது உண்மையே. ஆயினும் சராசரி குறையக் குறைய, பாதுகாப்பான வெளி கிடைப்பது அரிதாகிறது. காத்துக் காத்துப் பொறுமை இழந்தவர், போதாத வெளியிலும் வண்டியை விடத் துணிகிறார். பல விபத்துகளின் தொடக்கம் இதுவே.

அடுத்தது கண்ணுக்குத் தெரியும் தூரம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வருபவர் ஆபத்தைக் கண்டு, தடையை அழுத்தி, நிற்பதற்கு ஏறக்குறைய 65 மீற்றர் தேவை. 70 கிலோமீற்றர் வேகத்தில் 105 மீற்றர் தேவை. இதைச் சோதிப்பது சுலபம். ஒருவர் சந்தி வாயிலில் நிற்க, மற்றவர் சிவப்புத் துணியுடன் வீதியோரமாக நடந்து போகட்டும். துணி மறையும் இடம் வரை உள்ள தூரத்தை அளந்தால் போதும். மறைப்பது ஒரு வேலிக் கதியாலோ விளம்பரப் பலகையோவாக இருந்தால், தீர்வுக்குக் காசும் தேவையில்லை.

மூன்றாவது, வாயில் அமையும் இடம். மூன்று வீதிகள் கூடும் சந்தியில் வாகனங்களின் பாதைகள் ஒன்றோடொன்று முட்டக்கூடிய இடங்கள் 9 என்று பொறியியலாளர் கணக்கிடுவர். நான்கு வீதிகள் கூடினால் அது 32 ஆகிவிடும். ஆகவே ஏற்கெனவே உள்ள முச்சந்திக்கு நேர் எதிரே ஆலையின் வாயிலை வைப்பது, தெரியாமலே ஒரு நாற்சந்தியை உண்டாக்குவதாகும். வாயிலைப் போதிய தூரம் தள்ளி வைப்பது வரைபடத்தில் ஒரு கோட்டை மாற்றும் வேலைதான். மதில் கட்டிய பின் அதே மாற்றம் பெரும் செலவாகிவிடும்.

வீதியின் உடலும் சந்தையின் இரைச்சலும்

வாகனம் வீதியின் உடலையும் தேய்க்கிறது. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த பெரும் வீதிப் பரிசோதனையில் ஒன்று தெரியவந்தது. ஓர் அச்சின் மேல் ஏறும் பாரம் இரு மடங்கானால் வீதிக்கு உண்டாகும் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகிறது. சைக்கிளுக்கும் வண்டிலுக்கும் என்று போட்ட கிறவல் வீதியும் சிறு மதகும், பார லொறிகள் வரத் தொடங்கிய முதல் மாரியிலேயே ஏன் குழியாகின்றன என்பதற்கு விடை இதில் உண்டு.

திட்டம் வெற்றி பெறுவதும் வீதிக்குச் சோதனையாகலாம். 1999 இல் திறக்கப்பட்ட தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையம், ஏ-6, ஏ-9 ஆகிய இரு பெருவீதிகள் கூடும் நகரில் அமைந்தது. பல மாவட்டங்களின் மரக்கறி அங்கு வந்து நாடெங்கும் போகிறது. விவசாயிக்கு அது பெரிய வாசல். அதே காரணத்தால் லொறிகள் வந்து, காத்து, இறக்கி, ஏற்றித் திரும்பும் நெருக்கடியும் அந்நகரின் பங்காயிற்று. இறக்கும் இடமும் காத்திருக்கும் இடமும் வளவுக்குள்ளேயே வளர்வதற்கு முதலிலேயே நிலம் ஒதுக்க வேண்டும் என்பது இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

வடக்குக்கு வேறோர் அனுபவம் உண்டு. 1990 ஜூனில் நின்ற யாழ்ப்பாண ரயில், 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 24 ஆண்டுகள் ரயில் ஓடாத நிலத்தைக் குறுக்கே கடந்து மக்களின் நடைபாதைகள் உருவாகியிருந்தன. ரயில் வராத ஊரில் பிறந்து வளர்ந்த தலைமுறையும் உருவாகியிருந்தது. பெரிய திட்டம் ஒன்று வரும்போது அதற்குக் குறுக்கே போகும் சிறிய பாதைகளையும் எண்ண வேண்டும் என்பதை இது நினைவூட்டுகிறது.

சட்டமும் ஊர்ச் சங்கமும்

1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் 1988 இல் திருத்தப்பட்டு, குறிப்பிட்ட திட்டங்களுக்குச் சுற்றாடல் மதிப்பீடு அவசியமாக்கப்பட்டது. அத்திட்டங்களின் பட்டியல் 1993 இல் வர்த்தமானியில் வந்தது. 10 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பெருந்தெருக்கள் அதில் அடங்கும். முழுமையான தாக்க மதிப்பீட்டு அறிக்கை மக்கள் பார்வைக்கு வைக்கப்படும். 30 நாட்களுக்குள் எவரும் கருத்துத் தெரிவிக்கலாம். ஆனால் சாதாரண ஆலையோ சந்தையோ இவ்வலையில் அகப்படாமல் போகலாம். அங்கே ஊர்ச் சங்கத்தின் விழிப்பே காவல்.

முதலில் வீதி யாருடையது என்று அறிய வேண்டும். ஏ, பீ வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையைச் சேர்ந்தவை. சீ, டீ வகை மாகாணத்துக்குரியவை. ஊர் வீதிகளில் பெரும்பாலானவை பிரதேச சபையின் பொறுப்பில் உள்ளவை. உரிய இடத்துக்கு எழுதாத கடிதம் மேசை மேசையாக அலையும்.

அதன்பின், எண்ணிய கணக்கையும் சந்தியின் சிறு வரைபடத்தையும் இணைத்து, கட்டட அனுமதி வழங்கப்படுவதற்கு முன்னரே பிரதேச சபைக்கும் பிரதேச செயலாளருக்கும் கையளிக்க வேண்டும். கேட்பவை தெளிவாக இருக்கட்டும்: வாயிலை இத்தனை மீற்றர் தள்ளுங்கள்; லொறிகள் வளவுக்குள் நின்று இறக்கட்டும்; பாடசாலை தொடங்கும் வேளையிலும் விடும் வேளையிலும் பார லொறி வராதிருக்கட்டும்; பிள்ளைகளுக்கு நடைபாதையும் கடவையும் அமையுங்கள்; மதகை ஆலை இயங்குமுன் பலப்படுத்துங்கள். இவை அனுமதிக் கடிதத்தில் நிபந்தனையாக எழுதப்பட வேண்டும். திறப்பு விழா மேடையில் தரும் வாக்குறுதியை விட எழுத்தில் உள்ள ஒரு வரி உறுதியானது.

இது அபிவிருத்திக்கு எதிரான வேலையல்ல. கோபுரம் கட்ட நினைப்பவர் முதலில் அமர்ந்து செலவைக் கணிப்பதைப் பற்றி இயேசு சொன்ன உவமையை நாம் அறிவோம். ஆலையின் செலவில் சீமெந்தும் இயந்திரமும் மட்டுமல்ல, சந்தியைக் கடக்கும் பிள்ளையின் பாதுகாப்பும் சேரும். அதைக் கட்டுபவர் கணக்கில் எழுதாவிட்டால், ஒரு குடும்பம் தனியே நின்று அதைச் செலுத்த நேரிடும்.

உங்கள் ஊருக்கு ஏதேனும் ஒரு திட்டம் வரவிருப்பின், அடுத்த சங்கக் கூட்டத்தில் ஒரு நாளைக் குறித்து, நாலு பேரைச் சந்திக்கு அனுப்புங்கள். அத்திவாரக் கல் வைப்பதற்கு முன்னர் எடுத்த கணக்குக்கே மதிப்பு அதிகம்.