மழையும் மணியோசையும்

பிளாக் சாபத் என்னும் ஆங்கிலேயக் குழுவின் முதல் இசைத்தட்டு 1970 பிப்ரவரி 13 அன்று வெளியாயிற்று. சாத்தானின் இசையென்று பலர் அதனை வெறுத்தனர். யானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். அண்மையில் மீண்டும் கேட்டேன்.

மழையும் தேவாலய மணியும் ஒலித்தபின், கிதார் மூன்றே ஒலிகளை மெல்ல மீட்டுகிறது. மூன்றாவது ஒலி, ஆதாரத்தினின்று மூன்று முழுத் தொனி விலகியது. ஐரோப்பியர் அந்த இடைவெளியை 'இசையிலுள்ள சாத்தான்' என்றனர். நம் இசையில் அதுவே பிரதிமத்திமம். கல்யாணியில் மங்கலமாக ஒலிப்பது! எனவே அச்சமூட்டுவது, துணைச் சுரங்களின்றி அதனைத் தனியே தொங்கவிட்ட முறைதான்.

கிதார் வாசித்த டோனி ஐயோமி, பர்மிங்ஹாம் தொழிற்சாலைப் பொறியில் வலக்கை விரல்கள் இரண்டின் நுனிகளை இழந்தவர். பிளாஸ்டிக் புட்டியை உருக்கித் தாமே விரலுறை செய்து, மெல்லிய தந்திகளைப் பூட்டி வாசித்தார். ஒலிப்பதிவிற்கு அவர்கள் பெற்றது ஒரே நாள்.