துணை இல்லாதவருக்கு மாத்திரை எதற்கு?

அமெரிக்காவின் ஏழு ஊர்களில், 42 முதல் 52 வயதுவரையிலான பெண்களை 1996இல் சேர்த்துத் தொடங்கியது ‘ஸ்வான்’ ஆய்வு. தாம்பத்திய உறவு பற்றி 3,262 பேர் தந்த பதில்களின் கணக்கு இது. முந்தைய ஆறு மாதத்தில் உறவு கொண்டவர்கள் 79%. உறவை முக்கியமாகக் கருதியவர்கள் 77%. மாதத்தில் இரண்டு முறைக்கு மேல் ஆசை எழுவதில்லை என்றவர்கள் 42%. பத்தில் நான்கு பேருக்கு இருப்பதை நோய் என்று எழுதலாமா? ஆய்வாளர்களுக்கே அந்தச் சந்தேகம் வந்தது.

மீதி 21%, அதாவது சுமார் 685 பேர், உறவு கொள்ளவில்லை. அவர்கள் சொன்ன முதல் காரணம் ஹார்மோன் அல்ல. துணை இல்லை என்பது. 67% பேர் அதைத்தான் சொன்னார்கள். மெனோபாஸ் நெருங்கியவர்களிடம் உறவின்போது வலியும், சுய இன்பமும் சற்றுக் கூடுதல். ஆசையிலோ உறவின் எண்ணிக்கையிலோ குறிப்பிடும்படி மாற்றமில்லை.

2014இல் வெளிவந்த பிட்ஸ்பர்க் ஆய்வும், காரணம் உடலில் மட்டும் இல்லை என்பதை வேறு வழியில் காட்டியது. உறவில் இருந்த 354 பேரில் 85.4% பேர் நான்கு ஆண்டு கழித்தும் தொடர்ந்தார்கள். உறவு தனக்கு முக்கியம் என்று நினைத்தவர்களே அதிகம் தொடர்ந்தார்கள். உடல் எப்படி இயங்குகிறது என்று அளந்த மதிப்பெண்ணுக்கு அதில் பங்கில்லை.

பாலுறவில் குறை இருப்பது வேறு, அதற்காக வருந்துவது வேறு. 31,581 அமெரிக்கப் பெண்களின் பதில்களைத் தொகுத்து 2008இல் வந்த ஆய்வில் ஏதோ ஒரு குறை சொன்னவர்கள் 43%. குறையோடு மனவருத்தமும் சொன்னவர்கள் 12%. 45–64 வயதில் அது 14.8%, மற்ற வயதினரைவிட அதிகம்.

பணம் போன திசையோ வேறு. பெண்களின் ஆசைக் குறைவுக்கென வந்து, அமெரிக்காவில் இருமுறை நிராகரிக்கப்பட்ட ‘ஃபிளிபன்செரின்’ மாத்திரைக்கு 2015 ஆகஸ்டில் அனுமதி கிடைத்தது. உடனே அதன் நிறுவனம் 100 கோடி டாலருக்குக் கைமாறியது. அப்போது மாத்திரையின் விலை மாதம் சுமார் 800 டாலராக இருந்தது. பலன்? 2016இல் வந்த தொகுப்பாய்வின்படி, திருப்தியான உறவு மாதத்துக்கு அரைமுறை கூடும். அந்த விலையில், ஒருமுறை கூடுவதற்கு 1,600 டாலர்! தலைசுற்றலும் தூக்கக் கலக்கமும் தனி. 2015இல் கிடைத்த அந்த அனுமதியும் மாதவிடாய் நிற்காதவர்களுக்கு மட்டுமே இருந்தது. அமெரிக்காவில் அது நிற்கும் சராசரி வயது 51.

என் கணக்கில் இது நஷ்ட வியாபாரம். வலியும் வறட்சியும் உள்ளவர்கள் கூச்சப்படாமல் மகளிர் நல மருத்துவரிடம் சொல்லுங்கள். வழுவழுப்பு ஜெல்லும், தேவைப்பட்டால் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் க்ரீமும் அதற்கு உண்டு.